தார்ப் புள்ளி வைத்த ரிக்கார்டு

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் காரியம் இல்லாமல் நான் உங்கள் வீட்டுப் படி ஏறியது குறைவு. அதற்காக நீங்கள் வருத்தப்பட்டதும் இல்லை.

உங்கள் பேத்தி நந்தினிக்கு நாளை மறுநாள் கல்யாணம். அருப்புக்கோட்டையில் மண்டபம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், வேலை கோயம்புத்தூரில். நல்ல பையன் மாதிரித்தான் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேசினான், எனக்கு அது போதும்.

நேற்று உங்கள் ரெட்டியபட்டி வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றினோம். அங்கே நீங்கள் போட்ட சட்டம் ஒன்றை மீறிவிட்டேன். கல்யாணத்தன்று இன்னொன்றை மீறப்போகிறேன், ஆனால் அது நீங்கள் போட்டதல்ல. இரண்டும் என் அக்கா, அதாவது உங்கள் சம்சாரம் சம்பந்தப்பட்டவை. அதனால் இந்தக் கடிதத்தை ரகசியமாக வைக்காமல் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவிலேயே போடப்போகிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் படித்துவிட்டே வரட்டும்.

முதலில் உங்கள் ரிக்கார்டுகளின் நிலவரம். கல்யாணத்துக்கு வருகிற சொந்தங்கள் படுக்க முன்னறை வேண்டும், அதனால் அதைக் காலி பண்ணித் தரச் சொல்லி உங்கள் மகள் செல்வி என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். ரிட்டயர் ஆனவனுக்கு இப்படி வேலை வருவது சகஜம். இரண்டு தகரப் பெட்டி, ஒரு மர அலமாரி, மேலே பரணில் வேறு. நாற்பது வருஷம் இந்தச் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பொங்கல், சாவு எதுவானாலும் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர் நீங்கள். அத்தனை பாட்டும் அந்த அறைக்குள் அடைந்து கிடந்தது.

மதுரையிலிருந்து ஒருத்தர் வந்தார். பழைய ரிக்கார்டு சேர்ப்பவர் என்று நந்தினி போனில் தேடிப் பிடித்த ஆள். காரில் வந்து இறங்கி, கையில் சின்ன டார்ச்சோடு ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருஷம் பழுதான துணியைப் பார்த்துத் தள்ளிய ஆள் நான். நானும் அப்படித்தான் துணியை வெளிச்சத்துக்குச் சாய்ப்பேன்.

"ஐயா, இதெல்லாம் நல்லா ஓடுன படம். எல்லார்ட்டயும் இருக்கு. இதைத் தேடுற ஆள் யாரும் இல்ல. ஓடாத படம் எதாச்சும் வச்சிருக்காகளா?" என்று கேட்டார்.

"ஓடாத படத்துப் பாட்டை வாங்கி எங்க மச்சான் கல்யாண வீட்டுல போட்டா உதைக்க வந்திருப்பாக" என்றேன்.

சிரித்தார். ஒரு ஊரே சேர்ந்து பாடிய பாட்டுக்கு இன்று ஆள் இல்லை, ரெண்டே நாளில் பெட்டியைக் கட்டிய படத்துக்கு ஆள் அலைகிறது. இதில் நியாயம் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்கவில்லை. அவரும் என்ன செய்வார்? அப்புறம் உங்கள் வெள்ளைப் பெயிண்டைக் காட்டினார். விசேஷ வீட்டில் களவு போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு ரிக்கார்டின் நடுவிலும் உங்கள் பெயரை எழுதி வைத்திருந்தீர்களே, அதனால் அது பாழாய்ப் போனதாம். ஒன்றைக் கூட எடுக்கவில்லை. காப்பி குடித்தார், அக்கா வைத்த முறுக்கு நன்றாக இருந்தது என்றார், போய்விட்டார்.

டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த டீக்கடைக்காரர் சுவரில் ஒட்டுவதற்குக் கேட்டிருந்தார். எடுத்துக்கொண்டு போனால், ரிக்கார்டு படம் போட்ட காகிதத்தை அதற்குள் சுவர் முழுக்க ஒட்டி முடித்திருந்தார். "இது தூசி அடையாதுல்ல அண்ணாச்சி" என்றார். பழைய சாமான் எடுக்கிற ஆள் கடைசி நம்பிக்கை. அவரும் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது இரும்பும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. இதை எந்த வகையில நான் சேக்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதுரைக்காரர் போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "சிலதுல வெள்ளைப் புள்ளி, சிலதுல கருப்புப் புள்ளி வச்சிருக்கே, அது என்ன?"

அதை இங்கே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன், இளவட்டங்களுக்குத் தெரியாது. இப்போது ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தக் குமாரலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம். நீங்கள்தான் ரேடியோ செட். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாயார் திடீரென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். முந்தின வருஷம் அவர் வீட்டுக்காரர் இறந்தபோது அதே பாட்டை, அதே ரிக்கார்டில், நீங்கள்தான் போட்டிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் கீறல் விழுந்து ஒரு சொல் இரண்டு தடவை வரும். அந்த இரண்டு தடவையில் அவர் கண்டுகொண்டார். கல்யாணம் ஒரு மணி நேரம் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து தார் டப்பாவை எடுத்தீர்கள். நல்ல காரியத்துக்கு உள்ளதற்கு வெள்ளைப் புள்ளி, அது வெள்ளைப் பெட்டியில் இருக்கும். சாவு வீட்டில் ஒரு தடவை ஓடிய ரிக்கார்டுக்குத் தார்ப் புள்ளி. அது சாவுப் பெட்டிக்குப் போய்விடும், திரும்பி வராது. அதே பாட்டு கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் இன்னொன்று வாங்கி வருவீர்கள். நானே உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். நீங்கள் அசையவில்லை. "அந்தம்மா அழுததை நீ பார்க்கல மாப்ளே" என்பீர்கள். பிறகு இந்தப் பக்கம் திருச்சுழி வரைக்கும் இருந்த செட்டுக்காரர்கள் எல்லாரும் அதே மாதிரிப் புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

உங்கள் கல்யாணத்தில் ஓடிய ரிக்கார்டு ஒன்று, மஞ்சள் துணி சுற்றி வெள்ளைப் பெட்டியின் மேலாகவே வைத்திருப்பீர்கள். எந்தப் பாட்டு என்று எழுதவில்லை, குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வந்தவர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நீங்கள் மாலையும் கழுத்துமாக மணவறையை விட்டு எழுந்து போய், அந்த ரிக்கார்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். எங்கள் அப்பா முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினாலு வயது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

நீங்கள் இறந்த அன்று, ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட மனுஷன் பாட்டில்லாமல் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. உங்கள் செட்டையே எடுத்து வைத்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டினேன். பெட்டியைத் திறந்தேன். மேலே மஞ்சள் துணி. மச்சானுக்குப் பிடித்தது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. சட்டம் எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்துக்கு அது நினைவில் இல்லை.

நாலு வரி கூட ஓடியிருக்காது. திருச்சுழி பழனி அண்ணன், உங்கள் கூட்டாளி, மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏலே, என்ன காரியம்லே பண்ற! இது கல்யாண ரிக்கார்டுலே!"

ஊசியை அவரே தூக்கினார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெட்டிக்குள் இருந்த தார் டப்பாவில் காய்ந்து கிடந்ததைத் தீக்குச்சியால் இளக்கி, அவர் கையாலேயே புள்ளியும் வைத்துவிட்டார். உங்கள் சட்டத்தை உங்கள் சாவிலேயே நிறைவேற்றிய திருப்தி அவருக்கு. நான் அதைச் சாவுப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் அன்று இருந்த நிலையில் எதையும் கேட்டிருக்க மாட்டாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

போன வாரம் அக்கா கேட்டாள். "தம்பி, அந்த மஞ்சத் துணி சுத்துனது எங்கடா? நந்தினிக்குப் பந்தக்கால் ஊன்றப்ப அதைப் போடணும். ஒரு தடவை போட்டாப் போதும்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நேரே திருச்சுழிக்கு பஸ் ஏறினேன். பழனி அண்ணனுக்கு இப்போது காது சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே கேட்டேன், அந்தத் தார்ப் புள்ளியை எடுக்க வழி உண்டா என்று.

"தாரை எடுத்துறலாம். சாவு வீட்டுல ஓடுனதை எப்பிடிலே எடுப்ப?" என்றார். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து, ஸ்கூட்டரில் இருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, பழைய பனியன் துணியில் நனைத்துத் துடைத்தேன். தார் போனது. கூடவே உங்கள் பெயரில் பாதியும் போனது. எப்படியோ ரிக்கார்டு சுத்தமாகிவிட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று மறுபடியும் மஞ்சள் துணியைச் சுற்றி, முந்தாநாள் சாயங்காலம் அக்கா கையில் கொடுத்தேன்.

வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "என்னடா பெட்ரோல் வாடை அடிக்குது?" என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் அக்காவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வது ஒரு தனி அனுபவம் மச்சான். எல்லாவற்றையும் சொன்னேன். பழனி அண்ணன் வைத்த புள்ளி, நான் துடைத்தது, எல்லாம்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?" என்றாள். "அவுக பக்கத்துலதானடா உக்காந்திருந்தேன். காது என்ன அடைச்சா போச்சு? அந்தப் பாட்டு வந்ததும் அவுக எந்திரிச்சுப் போவாகன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். எந்திரிக்கல. அப்பத்தான் செத்துட்டாகன்னு எனக்கு வெளங்குச்சு."

இருந்தாலும் என் புத்தி போகுமா. "அக்கா, தெரிஞ்சும் எப்பிடிக்கா அதை நல்ல காரியத்துல போடச் சொல்ற? மச்சானே சம்மதிக்க மாட்டாரே" என்றேன்.

"போடக் கூடாதுதான?"

"கூடாதுக்கா."

"அப்ப நான் எதுக்குடா இந்த வீட்டுல இருக்கேன்? அன்னைக்கு அந்த ரிக்கார்டும் நானும் ஒரே எடத்துலதான இருந்தோம். என்னையும் ஓரமா வச்சுட்டீக. வீடு பால் காச்சையில நீயேதான சொன்ன, 'அக்கா நீ கொஞ்ச நேரம் உள்ள இரு'ன்னு."

சொன்னேன் மச்சான். போன வருஷம் செல்வி புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நான்தான் சொன்னேன். யாரும் முணுமுணுத்துவிடக் கூடாது, அக்கா மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். அக்கா சரியென்று உள்ளே போய் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தன் மகள் வீட்டில் பால் பொங்குவதை அவள் பார்க்கவில்லை. துணியில் பழுது இருந்தால் தள்ளலாம், நான் யாரைத் தள்ளினேன்? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

நேற்றுக் காலை பந்தக்கால் ஊன்றுகிற நேரத்துக்கு உங்கள் செட்டை எடுத்து வாசலில் வைத்தேன். பாட்டுக்கு வந்திருந்தவர் லேப்டாப்பை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார். ரிக்கார்டு முதலில் வெறும் இரைச்சலாகத்தான் வந்தது. பிறகு பாட்டு வந்தது. உங்கள் வயதை ஒட்டிய ரெண்டு மூணு பேர் வாய்க்குள்ளே பாடினார்கள். சிறிசுகள் போனை நிமிர்த்திப் படம் எடுத்தார்கள். தீட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே புள்ளியை நினைவு வைத்திருந்தவர்கள் நானும் அக்காவும்தான், பழனி அண்ணன் வரவில்லை.

அக்கா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். பெண்கள் வரிசையாக வந்து பந்தக்காலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். நந்தினி திரும்பிப் பார்த்து, "அம்மாச்சி, இது உங்க கல்யாணப் பாட்டுதான? உள்ள நின்னு என்ன பண்றீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஒரு சம்பிரதாயமும் தெரியாது, நல்லவேளை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை மூன்று வருஷம் முன்னாலேயே ஆட்டியிருக்கலாம்.

அக்கா வந்து மஞ்சள் தடவினாள். தேவைக்கு மேலேயே அப்பிவிட்டாள். உங்கள் அண்ணன், பெரியவர், என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஏப்பா சுப்பு, இது முறையாப்பா? நாலு பேரு என்ன சொல்வாக?" என்று ஆரம்பித்தார். நான் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அவர் பேசியது அவருக்கே கேட்டிருக்காது. பெரியவருக்கு ஒரு வார்த்தை: பெரிய மச்சான், உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போன வருஷம் நானும் உங்கள் கட்சிதான்.

பாட்டு முடிந்ததும் நந்தினியிடம் அந்த ரிக்கார்டை நீட்டினேன், நீயே வைத்துக்கொள் என்று. "போன்ல ரெக்கார்டு பண்ணிட்டேன் தாத்தா. கோயம்புத்தூர் வீட்டுல வைக்க இடமில்ல" என்றாள். கோபம் வரவில்லை. அவளுக்கு அது எதற்கு? ரிக்கார்டுகள் மொத்தமும் இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. உங்கள் தங்கச்சி முறைக்காரி, என் சம்சாரம், அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு வசவு வைக்கிறாள். உங்களுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. குமாரலிங்கபுரத்தில் அந்தத் தாயார் அழுதபோது நீங்கள் பாட்டை மாற்றினீர்கள், ரிக்கார்டுக்குப் புள்ளி வைத்தீர்கள், எல்லாம் அவர் மனதுக்காக. சரிதான். ஆனால் அன்று, வீட்டுக்காரரை இழந்த அந்த அம்மா, மகன் கல்யாணத்தில் எங்கே உட்கார்ந்திருந்தார் மச்சான்? முன்னாலா, பின்னாலா? நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதில் வராது என்று தெரியும். அதனால் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளட்டும்.

கல்யாணத்தன்று தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தாம்பாளத்தில் சபை முழுக்கக் கொண்டுவருவார்கள். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணித் தரவேண்டும். தாலியறுத்தவர்கள் பக்கம் வந்தால் தாம்பாளம் நிற்காது, கொண்டுவருகிறவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நானே எத்தனையோ கல்யாணத்தில் அப்படித் திருப்பியிருக்கிறேன். இந்தக் கல்யாணத்தில் தாம்பாளத்தை எடுத்துவருகிற வேலையைச் செல்வியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேரே அக்காவிடம்தான் போவேன். அவள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் போவேன். அவள் தொட்டுத் தரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். முகூர்த்தம் தவறினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரத்தின் தம்பி,
உங்கள் மச்சினன் சுப்பு